வாடகைக்கு வந்த மெஷின்

வாய்க்கால் ஓரத்து ஈரமண்ணில் அந்தத் தடத்தைப் பார்த்ததும் செல்வமேரியின் கையிலிருந்து பால்வாளி நழுவப் பார்த்தது. நாயாக இருக்கும் என்று முதலில் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் நாய்க்கு நகம் பதியும். இதில் நகமே இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு, பஞ்சால் ஒற்றியெடுத்த மாதிரி இருந்தது. தடம் நேராக மக்காச்சோளத்துக்குள் போயிருந்தது. திரும்பி வந்த தடம் எங்கேயும் இல்லை.

போன வாரம்தான் பக்கத்து நிலத்தில் கரும்பு வெட்டினார்கள். ஷிரூர் பக்கம் கரும்பு வெட்டினால் உள்ளே படுத்திருந்தது வேறு மறைவு தேடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற மறைவு இப்போது அவர்கள் வயல் மட்டும்தான்.

அவள் கணவன் ஜெபகுமார் தொழுவத்தில் பால் கறக்கும் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"இங்க பாருங்க, சோளத்துக்குள்ள பிபட்யா இருக்கு." சிறுத்தை என்று அவளுக்கு வாயில் வரவில்லை. இந்த மண்ணுக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட பயம் அது. இந்த ஊர் மராட்டி வார்த்தையில்தான் வந்தது.

"மெதுவா பேசு. மெஷின்கார மனோஜ் இன்னைக்குத்தான் வாரான். காதுல விழுந்துச்சுன்னா வண்டிய அப்படியே திருப்பிட்டுப் போயிருவான்."

ஜெபகுமார் கட்கித் தொழிற்சாலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு பண்ணை வைத்தபோதே இதில் இருவருக்கும் சண்டை. தீவனம் அறுக்கும் மெஷினைச் சொந்தமாக வாங்கிவிடுவோம் என்றாள் அவள். வருஷத்தில் சில நாள் ஓடிவிட்டு மிச்ச நாளெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கப்போகிற இரும்புக்கு எதற்கு முதல் போடவேண்டும், வாடகைக்கு எடுத்தால் போச்சு என்றான் அவன். இதுவரை அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது. இந்த வருஷம் மனோஜ் பெரிய பண்ணைகளை முடித்துவிட்டு வருகிறேன் என்று இழுத்தடித்தான். கதிரில் பால் வற்றிவிட்டது. அடி இலைகள் காய்ந்து சரசரத்தன. இன்னும் காய்ந்தால், நறுக்கிய தீவனத்தை மூடிவைக்கும் குழியில் அழுந்தாது. காற்றுப் புகுந்து பூசணம் பிடிக்கும். கோடை முழுக்க மாடுகளுக்கு வேறு தீனி கிடையாது.

வெயில் ஏறியபோது டிராக்டர் சத்தம் கேட்டது. பின்னால் கொக்குக் கழுத்து மாதிரி வளைந்த குழாயோடு மெஷின். மட்கார்டில் ஷபானா உட்கார்ந்திருந்தாள். மெஷின் திரும்புவதற்கு இடம் வேண்டுமென்று மூலைகளை முதலில் கையால் அறுத்துக் கொடுப்பது அவள் வேலை. வருஷா வருஷம் வருகிறவள்தான்.

"பாபி, சாய் கிடைக்குமா?" என்று இந்தியில் சிரித்தபடி கேட்டுவிட்டு, துப்பட்டாவைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அரிவாளோடு வாய்க்கால் மூலைக்கு நடந்தாள்.

செல்வமேரி ஜெபகுமாரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு மெஷினின் கத்திகளைப் பார்க்கிற மாதிரி நின்றான்.

டீ போட்டாள். சர்க்கரை அடுப்பில் சிந்திக் கருகியது. இத்தனை சத்தத்தில் அது போயிருக்கும், ராத்திரியே போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டே தம்ளர்களோடு வெளியே வந்தாள். ஷபானாவின் தலை சோளத்துக்குள் மறைந்திருந்தது. அரிவாள் சத்தம் மட்டும் சரக் சரக்கென்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது.

தம்ளர்கள் எங்கே விழுந்தன என்று அவளுக்குத் தெரியாது. "ஷபானா! பாஹர் ஆ! பிபட்யா ஹை!" என்று அவளை வெளியே வரச்சொல்லி அலறிக்கொண்டு ஓடினாள்.

சோளத் தாள்கள் விலகின. ஷபானா வெளியே வந்தாள். வியர்வை துடைக்க நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். பிபட்யா என்றதைக் கேட்டு ஷபானா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். மனோஜ் இன்ஜினை அணைத்தான்.

"எப்பப் பாத்தீங்க?" என்று ஷபானா கேட்டாள்.

செல்வமேரிக்குப் பொய் வரவில்லை. "காலையில."

அதற்குப் பிறகு ஷபானா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து போய் மட்கார்டில் ஏறிக்கொண்டாள்.

"தெரிஞ்சேதான் உள்ள விட்டீங்களா, அண்ணா?" என்றான் மனோஜ். மனோஜ் சாவியில் கையை வைத்தபடி வயலை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு சொன்னான்: "ரோட்டுப் பக்கத்துல இருந்து அறுத்துட்டு வாரேன். யாரும் கீழ இறங்கக் கூடாது. வாய்க்கால் ஓரம் ஒரு பட்டை அப்படியே நிக்கட்டும். அது தப்பிச்சுப் போக வழி வேணும். அத நான் தொட மாட்டேன்."

மெஷின் தாள்களை உறிஞ்சி, நறுக்கி, குழாய் வழியாக டிராலியில் துப்பியது. ஒவ்வொரு சுற்றுக்கும் மறைவு குறுகியது. எந்த நிமிஷத்தில் எது பாயுமோ என்று செல்வமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். எதுவும் வரவில்லை. பொழுது சாயும்போது மெஷின் அடுத்த பண்ணைக்குக் கிளம்பியது. ஷபானா திரும்பிப் பார்க்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பட்டைச் சோளம் மட்டும் கறுப்பாக நின்றது.

"நம்ம மெஷினா இருந்திருந்தா மிச்சத்தையும் நானே ஓட்டி முடிச்சிருப்பேன்" என்றான் ஜெபகுமார்.

கதவில்லாத அந்த டிராக்டர் இருக்கையில் அவன் உட்கார்ந்திருப்பதை அவள் நினைத்துப் பார்த்தாள். "வேண்டாம்" என்றாள்.

தீவனம் நிரப்பிய குழியை மூட இருவரும் பிளாஸ்டிக் தாளை விரித்தார்கள். அந்தப் பட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமலே அவள் மண்மூட்டையைத் தூக்கி வைத்தாள். அடுத்ததைத் தூக்கும்போதுதான் கவனித்தாள்: தொழுவத்தில் அசைபோடும் சத்தம் நின்றிருந்தது. எல்லா மாடுகளும் தலையைத் தூக்கி, காதுகளை முன்னால் நீட்டி, ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன. வாய்க்கால் பக்கம் அல்ல, திறந்து கிடந்த வீட்டு வாசல் பக்கம்.