கிடாவுக்கு விருந்தினர் அறை

ஆட்டு மரபியலில் இருபது வருடம் ஊறிய அந்தப் பெண்மணியை அவருடைய ஆய்வகத்தில் எல்லோரும் ஆட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சில ஆடுகளைக் குடற்புழு அண்டாது. அந்தக் குணம் எந்தப் பரம்பரையில் எப்படி இறங்குகிறது என்று தேடுவதுதான் அவர் வேலை. வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்று மூன்று மாதப் பரிமாற்றத்துக்கு அவரை அழைத்தது. கூடவே அவருடைய மந்தையிலிருந்து ஒரு கிடாவையும் முப்பது ஆடுகளின் இரத்த மாதிரிகளையும் கொண்டுவரச் சொன்னது.

போய் இறங்கிய அன்றே காரியம் கெட்டது. பதிவறைக் குமாஸ்தா இரண்டு கோப்புகளையும் கணினியில் மாற்றி ஏற்றிவிட்டார். ஆட்டக்கா கையில் வந்த அட்டையில், ‘பெண். ஐம்பத்தெட்டு கிலோ. கொம்பு இல்லை. பதினான்கு நாள் தனிமைக் கொட்டகை’ என்று இருந்தது. கிடாவின் கழுத்தில் ‘வருகைதரு விஞ்ஞானி’ என்ற அட்டை தொங்கியது.

“சார், இது மாறிப்போச்சு. நான்தான் விஞ்ஞானி,” என்றார் ஆட்டக்கா.

குமாஸ்தா அவரைப் பார்த்தார். பிறகு கிடாவைப் பார்த்தார். அவசரப்படாமல் இன்னொரு முறை அவரைப் பார்த்தார்.

“தெரியுது மேடம். ஆனா ஏத்தினது ஏத்தினதுதான். நோய் பரவிடக் கூடாதுன்னு பதினாலு நாளைக்குக் கணினி பூட்டிக்கும். அதுவரைக்கும் யாரும் தொட முடியாது.”

இயக்குநரிடம் போனில் பேசினார்கள். “பதினாலு நாள்தானே, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க,” என்றார் அவர். மாமியார் வீடு, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வாழ்நாளெல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிப் பழகியவருக்கு அந்த ஒரு சொல் போதும். மாதிரிகள் இருந்த ஐஸ் பெட்டியை அணைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.

கொட்டகை ஒன்றும் மோசமில்லை. சுத்தமான சிமெண்டுத் தரை, கட்டில், காற்றோட்டம். பொறுப்பில் இருந்தவர் வயதான கால்நடை உதவியாளர். அவருக்கும் இது மனுஷி என்று தெரியும், இருந்தாலும் விதியை விடமாட்டார். தினமும் காலையில் எடை பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், பல்லை எண்ணினார்.

“நல்லா தூங்கினீங்களாம்மா? தீனி சரியா இறங்குதா?”

தன்னை யாரும் இப்படி விசாரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று ஆட்டக்காவுக்கு ஞாபகமே வரவில்லை.

வந்து இறங்கிய அன்று மாலையே வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். “கிடா எங்க இருக்கு?”

“விருந்தினர் மாளிகையில. ஏசி ரூம், மேசை, நாற்காலி எல்லாம் குடுத்திருக்காங்க. நாளைக்கு ஏதோ குழுக் கூட்டமாம்.”

“சரி, நீ எதுக்கும் சண்டை போடாத. அது பேர் கெட்டுடப் போகுது.”

இரண்டாம் நாள் உதவியாளர் ஊசியோடு வந்தார். தனிமையில் இருக்கும் ஒவ்வொரு விலங்குக்கும் தினம் ஒரு இரத்த மாதிரி எடுத்து முழு மரபணுச் சோதனை செய்ய வேண்டுமாம்.

“ரிப்போர்ட் எப்ப வரும்?”

“மறுநாளே வந்துடும்மா. விலங்குக்குத்தான் முதல் வரிசை. விஞ்ஞானிங்க குடுத்தா நாலு மாசம் ஆகும்.”

ஆட்டக்கா ஊசியைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார். மூன்று மாதம் தங்க வந்தவருக்கு நாலு மாத வரிசை. “எதுக்குய்யா குத்திக்கிட்டு? நானே எடுத்துத் தர்றேன்,” என்று பெட்டியிலிருந்து ஒரு குப்பியை நீட்டினார். உதவியாளருக்கும் கை நடுங்கும் வயது. வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்படியே தினம் ஒரு குப்பி போனது, தினம் ஒரு ரிப்போர்ட் வந்தது. கட்டிலில் சாய்ந்தபடி எட்டு ஆடுகளின் வம்சாவளியைச் சுவரில் சாக்பீஸால் வரைந்து முடித்தார். சோறு பொங்க வேண்டாம், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். மூளை அவருக்கு அப்படி ஓடியதே இல்லை.

பத்தாம் நாள் இயக்குநரே முகக்கவசத்தோடு ஓடிவந்தார். கையில் ஒரு கத்தை ரிப்போர்ட்.

“மேடம், உங்களுக்குத் தினம் மரபணு மாறுது. முந்தாநாள் ஒரு அப்பா, நேத்து ஒரு அப்பா, இன்னைக்கு வேற அப்பா. இப்படி ஒரு ஆட்ட உலகமே பாத்ததில்ல. நான் அறிவியல் குழுவுக்கே சொல்லிட்டேன்.”

ஆட்டக்காவின் அப்பா தபால் நிலையத்தில் வேலை பார்த்த கண்ணியமான மனிதர். அவரை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

இயக்குநர் ஒரு தீவனச் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். “நீங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஆடு சொல்லிச்சுன்னு நான் எப்படி அறிக்கையில எழுதறது? அதுவரைக்கும் தினம் குப்பி போகட்டும், பூட்டு திறந்ததும் கோப்பை மாத்திடலாம். அதுக்கு விஞ்ஞானி கையெழுத்து வேணும்.”

பதினைந்தாம் நாள் காலை குமாஸ்தா, இயக்குநர், ஆட்டக்கா மூவரும் விருந்தினர் மாளிகைக்குப் போனார்கள். கிடா மெத்தைமேல் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. திரைச்சீலையில் பாதி இல்லை. மூன்று கூட்டங்களில் அது எதையும் ஆட்சேபிக்கவில்லை என்பதால் நிலையத்தில் அதற்கு நல்ல பெயர். முதல் விண்ணப்பத்தை வாங்கித் தின்றுவிட்டது. இரண்டாவதை ஆட்டக்கா எட்டிப் பிடித்து, அதன் முன்னங்காலை மையில் ஒற்றிப் பதித்தார். குமாஸ்தா குளம்பின் இரண்டு பிளவும் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்தினார். கிடா கொட்டகைக்குப் போயிற்று. போகும்போது இயக்குநர் கொஞ்சம் வருத்தத்தோடு அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

ஆட்டக்கா அறையைக் கூட்டி, புழுக்கைகளை அள்ளிப் போட்டு, மேசைமுன் விஞ்ஞானியாக உட்கார்ந்தார். மீதிக் குப்பிகள் பதினேழையும் சோதனைக்கு அனுப்பினார். ‘பெறப்பட்டது. முடிவு நாலு மாதத்தில்’ என்று சீட்டு வந்தது. குழுக் கூட்டத்துக்கு அழைப்பும் வந்தது. போனார், இரண்டு விஷயங்களில் ஆட்சேபம் சொன்னார். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க நாதியில்லை.

மூன்றாம் நாள் குப்பிகளைத் திரும்ப வாங்கி ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கொட்டகை வாசலில் போய் நின்றார்.

“கிடா பக்கத்துல ஒரு கட்டில் போட இடம் இருக்குமாய்யா?”

உதவியாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“ரெண்டு கிலோ இறங்கியிருப்பீங்க போல. முதல்ல தராசுல ஏறுங்கம்மா,” என்றார்.