முன்னறைக்கு ஒரு ஹீட்டர்

"முதல்ல அந்த ஹீட்டரை அணைங்க, நோரீன்," என்றார் சவ அடக்கம் நடத்தும் ஹியூபர்ட். சவப்பெட்டியின் தலைமாட்டை அவரும் கால்மாட்டை அவருடைய ஆளும் பிடித்திருந்தார்கள். "நாளைக்குச் சர்ச்சுக்குப் பூசைக்கு எடுத்துட்டுப் போற வரைக்கும் இந்த ரூம் எவ்வளவு ஜில்லுன்னு இருக்கோ அவ்வளவு நல்லது. ஜன்னலையும் ஒரு சாண் திறந்து விடுங்க."

நோரீன் குனிந்து பொத்தானை அழுத்தினாள். விடிந்ததுமே அதைப் போட்டிருந்தாள். யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் முன்னறையைச் சூடாக்கி வைப்பது அவள் வழக்கம். இன்று வருவது புருஷனின் உடல் என்று தெரிந்தும் கை தானாகப் போய்ப் போட்டுவிட்டது.

ஃபின்டனை ஜன்னலோரம் கிடத்தினார்கள். சாம்பல் நிறக் கோட்டு, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய டை, விரல்களில் சுற்றிய ஜெபமாலை. முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய விரல்கள். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்த முகம் இப்போது பத்து வயது குறைந்து தெரிந்தது. அதைப் பார்க்க நோரீனுக்கு ஆத்திரமாக வந்தது.

அந்தத் தெருவில் முன்னறையில் யாரும் உட்காருவதில்லை. பாதிரியார் வந்தால் திறப்பார்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்தால் திறப்பார்கள், சாவு விழுந்தால் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் நல்ல சோபாவும் நல்ல கோப்பைகளும் கதவைச் சாத்திக்கொண்டு மரியாதையாக இருக்கும். மனிதர்கள் சமையலறையில் இடித்துக்கொண்டு கிடப்பார்கள். வாடகை வீடென்றால் இந்த ஒழுங்கு இன்னும் கெட்டி. சொந்தமாக வீடுதான் இல்லை, ஒரு முன்னறையாவது இருக்க வேண்டாமா?

சமையலறையில் ஃபின்டனின் அக்கா கன்செப்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். எழுபத்திரண்டு வயது. முல்லிங்காரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் கத்தியை எடுத்துவிட்டாள்.

"அந்த டெவனி வருவான்ல?"

"வருவாரு. வீட்டுச் சொந்தக்காரர் வராம இருப்பாரா?"

"வரட்டும். பொட்டி பக்கத்துலயே நிக்க வெச்சுக் கேக்கறேன். நுரையீரல் கெட்டவன் படுக்கிற ரூமை விட்டுட்டு, யாரும் உக்காராத ரூம்ல எவனாவது ஹீட்டரை மாட்டுவானா? வாசல்ல வந்து எட்டிப் பார்த்துட்டு, கைக்கு எட்டின சுவத்துல அடிச்சிட்டுப் போயிருக்கான்."

நோரீன் ரொட்டி மேல் ஹாம் இறைச்சித் துண்டுகளை அடுக்கினாள்.

"ஃபின்டன்கிட்ட போன்ல கேட்டேன். 'நான்தான்க்கா அங்க மாட்டச் சொன்னேன்'னான். அவனாவது, சொல்றதாவது! வீட்டுக்காரனைக் காப்பாத்தறான். சின்னதுலேர்ந்தே அவன் அப்படித்தான். அடுத்தவன் செஞ்சதுக்கு அடி வாங்கிட்டு வருவான்."

நோரீனின் கையில் இருந்த துண்டு நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க அதிக நேரம் ஆயிற்று. ஃபின்டன் அப்படிச் சொன்னது அவளுக்குத் தெரியாது.

அக்டோபரில் டெவனி ஹீட்டர் கடையின் படப் புத்தகம் ஒன்றோடு வந்து இதே மேஜையில்தான் உட்கார்ந்தார். பழைய ஹீட்டர்கள் இரவெல்லாம் கரண்டைக் குடித்து, யாரும் கேட்காத விடியற்காலையில் சூட்டைக் கக்கிவிட்டு, மனிதன் குளிரில் உட்காரும் சாயங்காலத்தில் செத்துக் கிடக்கும். "புதுசா ஒண்ணு வாங்கித் தரேன். எதுன்னு நீங்களே பாருங்க. எந்த ரூம்னும் நீங்களே சொல்லுங்க," என்றார்.

ஃபின்டன் விரலை வைத்தது எண்ணெய் அடைத்து, சக்கரம் பூட்டிய ஹீட்டர் மேல். "இது சூடு பிடிக்க நேரமாகும், பிடிச்சா விடாது. பகல்ல சமையல்கட்டு, ராத்திரி பின்ரூம். நாய்க்குட்டி மாதிரி கூடவே இழுத்துக்கிட்டுப் போயிடலாம்."

"ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கு," என்றாள் நோரீன். அவள் கண் புத்தகத்தின் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. சுவரில் பதிக்கிற வெள்ளைக் கண்ணாடிப் பலகை. நல்ல ஓட்டலில் இருப்பதுபோல. கிறிஸ்துமஸுக்கு மகள் க்ரானியா கடல் கடந்து பெர்த்திலிருந்து மாப்பிள்ளையை முதல்முறையாக இந்த வீட்டுக்கு அழைத்து வருகிறாள். போன தடவை அவள் மட்டும் வந்தபோது, முன்னறையில் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. "மாப்பிள்ளை ஊர்ல வருஷம் பூரா வெயில். இங்க வந்து கோட்டைப் போட்டுக்கிட்டு கேக் தின்னணுமா?"

ஃபின்டன் இருமி முடிக்கும்வரை டெவனி மரியாதையாகக் காத்திருந்தார். "உன் இஷ்டம்," என்றான் ஃபின்டன் கடைசியில். "என்னைவிட மாப்பிள்ளை நல்லா இருக்கணும்."

பின்னறையில் ஓதம் தரையிலிருந்து ஏறி இடுப்புயரம் வந்திருந்தது. சனிக்கிழமை பிளீச் போட்டுத் துடைத்த பூசணம் செவ்வாய்க்கிழமை திரும்பி வரும். கேஸ் சிலிண்டர் ஹீட்டர் வைக்கக் கூடாது, எரிய எரிய அதுவே அறைக்குள் ஈரத்தை விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பளிச் சட்டை இரண்டைப் போட்டுக்கொண்டு, வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு ஃபின்டன் படுத்தான். கண்ணாடிப் பலகை அருமையாக வேலை செய்தது. மாப்பிள்ளை கோட்டைக் கழற்றினான்.

ஜனவரி இரண்டாவது வாரம் ஃபின்டனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. இந்த நுரையீரலுக்கு எந்த வீட்டில் இருந்தாலும் இது வந்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நோரீன் மூன்று வாரமாகத் தூங்கினாள். இப்போது டெவனி வந்து ஒரு வாக்கியம் சொன்னால் அதுவும் போய்விடும். ஊரே கேட்கும். நாளைக்கு விமானத்திலிருந்து இறங்கும் க்ரானியா கேட்பாள்.

மூன்று மணிக்கு மேல் ஊர் வரத் தொடங்கியது. வருகிறவர்கள் வரிசையாக நோரீன் கையைப் பிடித்தார்கள், ஃபின்டன் கையைத் தொட்டார்கள், தேநீர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவரும் கோட்டைக் கழற்றவில்லை. "இந்த ரூம் இவ்வளவு குளிரா இருக்கே," என்று யாரோ சொல்ல, "அவனுக்குப் பழக்கம்தான்," என்று பஸ் டிப்போ ஆள் ஒருவர் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

டெவனி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார். ஃபின்டனுக்காகப் பூசைக்குக் கொடுத்த அட்டையைச் சவப்பெட்டியில் வைத்தார். முழந்தாளிட்டு, எழுந்து, நோரீனின் கையைப் பிடித்தார். "நல்ல மனுஷன், நோரீன். ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்ல."

"குறை சொல்லாததுதான் அவன் செஞ்ச தப்பு," என்றாள் கன்செப்டா. நாற்காலியிலிருந்து எழுந்திருந்தாள். "மிஸ்டர் டெவனி, உங்களை ஒண்ணு கேக்கணும். நான் அவனோட அக்கா."

கோப்பைகள் ஓய்ந்தன. டெவனி கன்செப்டாவைப் பார்த்தார். அவள் பார்வை போன வழியே சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தார். பிறகு நோரீனைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்கமாட்டார் என்று நோரீனுக்கு அந்த நொடியே புரிந்தது. சாவு வீட்டில் விதவையைக் காட்டிக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். திட்டை வாங்கிக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவள் சும்மா இருந்தால் போதும்.

"இந்த ஹீட்டரை இங்க மாட்டினது..." என்று கன்செப்டா தொடங்கினாள்.

"நான்," என்றாள் நோரீன்.

குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "அவர் எந்த ரூம்னு கேட்டாரு. நான்தான் முன்ரூம்னேன். ஃபின்டன் சக்கரம் வெச்சது வேணும்னாரு, ராத்திரி பின்ரூமுக்கு இழுத்துக்கலாம்னு. நான்தான் விடல. பாக்க நல்லா இல்லன்னு."

டெவனி கீழே பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கு, நோரீன்," என்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பின்ரூமுக்கும் ஒண்ணு..." அதற்கு மேல் சொல்லக் கூடாது என்று அவருக்கே தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

கதவருகே நின்ற பக்கத்து வீட்டு டிம்ப்னா சட்டென்று ஜெபமாலையைத் தொடங்கினாள். தப்பித்தோம் என்று எல்லோரும் முழந்தாளிட்டார்கள். கன்செப்டா மட்டும் முழந்தாளிட்டவர்களுக்கு நடுவே வழி பண்ணிக்கொண்டு வெளியே போனாள்.

ஜெபமாலையின் ஐந்து பத்து மணிகளும் சொல்லி முடிந்தன. அவள் திரும்பி வரவில்லை. நோரீன் தேடிக்கொண்டு போனாள். சமையலறையில் இல்லை. பின்னறைக் கதவு திறந்திருந்தது. கன்செப்டா கட்டிலின் மேல் ஏறி, காலணியோடு, சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சுவரில் இருந்தது.

"அவன் இந்தப் பக்கமா படுப்பான்?"

"ஆமா. சுவத்தோரம் அவர்தான்."

"ஏன்?"

"எனக்குக் குளிரும்னு."

முன்னறையில் யாரோ ஃபின்டனின் பஸ் கதை ஒன்றை எடுத்துவிட, ஒரு சிரிப்பு எழுந்தது. கன்செப்டா திரும்பிப் பார்க்கவில்லை. உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. சுவரிலிருந்து கையை எடுத்தாள். ஈரமாயிருந்த உள்ளங்கையைக் கறுப்புப் பாவாடையில் துடைத்தாள். பிறகு அதே இடத்தில் மறுபடியும் வைத்தாள்.