பல்லுக்காரன் மொழிபெயர்த்த பிரசங்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லிஃப்ட் மெக்கானிக்கின் இடது கன்னம் பந்து போல வீங்கியிருந்தது. பத்து மணிக்கு அவர் ஆலயத்தில் பிரசங்கம் செய்தாக வேண்டும். போதகர் வெளியூர் போயிருந்ததால் இந்த வாரம் இவர் முறை. நாலு பக்கம் எழுதி, கண்ணாடி முன்னால் நின்று ஆறு தடவை பேசிப் பார்த்திருந்தார். ஏழாவது தடவை பேசும்போதுதான் கடைவாய்ப்பல் குத்த ஆரம்பித்தது. தலைப்பு என்னவென்றால், மன்னிப்பு.

கடவுளுக்கு வேடிக்கை பண்ணத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஏனென்றால் இந்த மனிதர் ஐந்து வருஷமாகத் தன் சொந்த மச்சினனோடு பேசவில்லை. மனைவியின் கூடப்பிறந்த தம்பி. தொழில், பல் டாக்டர். வீட்டில் அவன் பேச்சை எடுக்கக் கூடாது. எடுக்காமல் தீராது என்றால் 'அந்தப் பல்லுக்காரன்' என்று சொல்ல வேண்டும். கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு மெக்கானிக் ஒரு கட்டடத்தில் நாலாவது மாடிக்கு மேலே, லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். குழிக்குள் ஃபோன் எடுக்காது. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் மச்சினனின் பல் ஆஸ்பத்திரி. உடம்புக்கு முடியாமல் படுத்திருந்த மெக்கானிக்கின் அம்மா, மகன் கிடைக்கவில்லை என்று மச்சினனுக்கு ஃபோன் பண்ணினார். நாலு மாடி ஏறி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் சொல்லவில்லை. வேலை முடிந்து மெக்கானிக் வெளியே வந்தபோது அம்மா போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

விளக்கம் சொல்ல மச்சினன் மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். மூன்று தடவையும் கதவு முகத்தில் சாத்தப்பட்டது.

"வண்டில ஏறுங்க," என்றாள் மனைவி.

"எங்க?"

"பல்ல புடுங்க. ஞாயித்துக்கிழமை இந்த நேரத்துக்கு யார் தொறந்திருக்காங்களோ அங்க."

கன்னத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தார். மூன்றாவது திருப்பத்தில்தான் வழி புரிந்தது. "நிறுத்து! அவன்கிட்டயா? செத்தாலும் வரமாட்டேன்!"

"ஊருக்குத்தான் உபதேசம், நமக்கில்ல, அப்படித்தானே? இறங்கிக்கோங்க. வீங்கின மூஞ்சியோட போய் மன்னிப்பப் பத்திப் பேசுங்க. கேக்குறவங்க வாயால சிரிக்க மாட்டாங்க."

இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எங்கே அடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரியாதா? அவர் இறங்கவில்லை.

மச்சினன் வாசலிலேயே நின்றிருந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. "வாங்க அத்தான்," என்றான். மெக்கானிக் அவனைத் தாண்டி உள்ளே போய், சாய்வு நாற்காலியில் படுத்து, கூரையைப் பார்த்து வாயைத் திறந்தார். பல்லுக்காகத் திறந்தாரே தவிர, பேசுவதற்கு இல்லை.

ஊசி இறங்கியது. உதடு, நாக்கு, கன்னம் என்று ஒவ்வொன்றாக மரத்துக்கொண்டே போனது. மச்சினன் பஞ்சை வைத்து, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"பத்து நிமிஷம் ஆகும் அத்தான். நீங்க எந்திரிச்சுப் போக முடியாத இடம் இது ஒண்ணுதான். அதனால சொல்லிடுறேன்."

மெக்கானிக், வரட்டும் என்று காத்திருந்தார். ஐந்து வருஷமாகத் தனக்குள்ளே வழக்கு நடத்தி வைத்திருந்தவர் அவர். நோயாளி இருந்தார் என்று சொன்னால் இந்தப் பதில். படிக்கட்டு பூட்டியிருந்தது என்று சொன்னால் அந்தப் பதில். அவ்வளவு அவசரம் என்று தெரியாது என்றால், அதற்கும் சுடச்சுட ஒன்று தயார்.

"மறந்துட்டேன்," என்றான் மச்சினன். "டிவில மேட்ச் ஓடுச்சு. இந்த ஓவர் முடியட்டும்னு உக்காந்தேன். அப்புறம் மறந்தே போச்சு. அவ்வளவுதான் அத்தான். வேற காரணம் ஒண்ணும் இல்ல. மூணு தடவை உங்க வீட்டுக்கு வந்தப்பவும் ஏதாவது பொய்க்காரணம் சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க கதவ சாத்தினது நல்லதாப் போச்சு."

மெக்கானிக் திகைத்துப் போனார். தயாராக வைத்திருந்த பதில் ஒன்றுக்கும் வேலை இல்லை. நல்ல காரணம் ஒன்று இருந்திருந்தால், 'சரி, போகட்டும்' என்று ஒத்துக்கொண்டு போயிருக்கலாம். அதற்கு மன்னிப்பு எதற்கு? காரணமே இல்லாத தப்புக்குத்தானே மன்னிப்பு வேண்டியிருக்கிறது! நாலு பக்கம் எழுதினாரே, அதில் இந்த ஒரு வரி இருந்ததா? இல்லை. கடவுள் முன்னால் தான் மண்டியிட்ட நாட்களெல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. எந்த நாளில் தன்னிடம் உருப்படியான காரணம் இருந்தது? காரணம் கொண்டுவா என்று கடவுள் கேட்டிருந்தால் இந்த மெக்கானிக் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பவும் போயிருப்பார்?

இரண்டு மாடிக்கு நடுவே சிக்கிக் கிடந்த லிஃப்ட் ஒரே குலுக்கலில் கிளம்புமே, அதுபோல அவருக்குள் ஏதோ கிளம்பியது. இப்போதே சொல்ல வேண்டும், இந்த நிமிஷமே! ஆனால் அதற்குள் குறடு வாய்க்குள் போய்விட்டது. மளுக். பல் தட்டில் விழுந்தது.

"நன்னிச்சிட்டேன்!" என்று கத்தினார் மெக்கானிக்.

மச்சினன் பதறிப்போய் ஒரு டம்ளரை நீட்டினான். "தண்ணியா அத்தான்? கொப்பளிக்க மட்டும்தான், முழுங்கிடாதீங்க."

தலையைப் பலமாக ஆட்டினார். "நன்னி... நன்னிச்...!"

"நன்றியெல்லாம் எதுக்கு அத்தான், இது என் வேலைதானே."

ஐந்து வருஷமாக வராத வார்த்தை. வந்த நேரத்தில் உதடு ஒட்டவில்லை! உதடு ஒட்டாமல் 'ம' எப்படி வரும்? மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். ஒரு கையால் மச்சினனின் வெள்ளைக் கோட்டை இழுத்துப் பிடித்தார். மற்றக் கையின் இரண்டு விரலால் தன் இரண்டு உதட்டையும் சேர்த்து அமுக்கினார். "ம்ம்ம... மன்னிச்சிட்டேன்டா, மடையா!"

'மடையா' கூட சுத்தமாக வந்தது. மச்சினன் ஸ்டூலிலிருந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். வாசலில் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா, அழுதாளா, அவளுக்கே தெரியாது. பிறகு கடிகாரத்தைப் பார்த்து அலறினாள்.

"ஒம்பதே முக்கால்!"

மரத்த வாய் எத்தனை மணிக்குச் சரியாகும்? மத்தியானம் ஆகும் என்றான் மச்சினன். மெக்கானிக் அவனை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தார். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசல்படி இறங்கினார். கோட்டைக் கழற்றக்கூட அவனுக்கு நேரமில்லை. அவன் காரில் மூன்று பேரும் பறந்தார்கள். ஸ்கூட்டர் அனாதையாக நின்றது.

ஆலயத்தில் உட்கார இடமில்லை. பாட்டு முடிந்தது. மெக்கானிக் பிரசங்க மேடையில் ஏறினார். பின்னாலேயே, வெள்ளைக் கோட்டோடு, ஐந்து வருஷமாக அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காத மச்சினன். குசுகுசுவென்று பேச்சு கிளம்பியது. இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

"எனக்கு நேச நுடியல," என்றார் மெக்கானிக்.

மச்சினன் மைக்கைப் பிடித்தான். "பேச முடியலைங்கிறார். பல் புடுங்கியிருக்கு. நான்தான் புடுங்கினேன். அதனால மொழிபெயர்க்க வந்திருக்கேன்."

சபை கொல்லென்று சிரித்தது. வெளிநாட்டுப் பிரசங்கிக்கு மொழிபெயர்ப்பார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்து யாரும் பார்த்ததில்லை.

"இயன் என் நச்சினன்."

"நான் இவருக்கு மச்சினனாம்." மறுபடி சிரிப்பு.

"நான் இயனை நன்னிச்சிட்டேன்."

மச்சினன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். சத்தம் வரவில்லை. பின்வரிசையில் காது கேட்காத பெரியவர் ஒருவர், "என்னப்பா சொல்றார்? சத்தமாச் சொல்லு!" என்று குரல் கொடுத்தார்.

"என்னை..." என்றான் மச்சினன். "என்னை மன்னிச்சிட்டேன்னு சொல்றார். இவங்க அம்மா சாகுற அன்னிக்கு எனக்குத்தான் ஃபோன் பண்ணாங்க. நான் இவர்கிட்ட சொல்லல. மேட்ச் பாத்துட்டிருந்தேன். அதுக்குத்தான். அதை மன்னிச்சிட்டாராம்." சொல்லி முடித்தபோது அவன் கோட்டின் கைப்பகுதி நனைந்திருந்தது. யாரோ ஒரு பெண் "ஸ்தோத்திரம்" என்றாள். அப்புறம் மூலைக்கு மூலை அதே சொல் எழும்பியது.

மெக்கானிக்குக் காலே தரையில் பாவவில்லை. இப்படி ஒரு சந்தோஷத்தை இத்தனை நாள் தள்ளி வைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்து என்ன சொல்வது? நாலு பக்கமும் சட்டைப்பையில் இருந்தது, ஆனால் கை அங்கே போகவில்லை. மச்சினனின் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான், அந்த மேடையில் நின்றபடிதான், அவருக்கு உறைத்தது. அம்மா கடைசியாகப் பேசியது இவனிடம். என்ன பேசினாள் என்று ஐந்து வருஷமாகத் தான் கேட்கவே இல்லை. கதவைச் சாத்தியபோது அதையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தியிருந்தார்.

"அன்னிக்கு என்ன சொன்னாங்க?"

அந்தக் கேள்வியில் உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுகூட இல்லை. தெளிவாக வந்து விழுந்தது. மொழிபெயர்க்க ஒன்றும் இல்லாமல் மச்சினன் அவரையே பார்த்தான். மைக்கைக் கீழே இறக்கினான்.

"இத சொன்னா நான் தப்பிக்கப் பாக்குறேன்னு நெனப்பீங்க. அதான் இத்தனை நாள் சொல்லல அத்தான்."

"சொல்லு."

"'அவன வரச் சொல்லுப்பா'ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாங்க. 'வேலையா இருந்தா அவசரப்படுத்தாத. வர முடியலைன்னாலும் போகுது. அவன் மூஞ்சி எனக்கு மனப்பாடம்டா'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க அத்தான்."

மெக்கானிக் பிரசங்க மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சபை முழுவதும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னா," என்றார் அவர். மறுபடியும், "அன்னா."

பின்வரிசைப் பெரியவர் காதில் கையைக் குவித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மச்சினன் மைக்கை எடுத்தான்.

"அம்மான்னு சொல்றார்," என்றான்.