மூன்றாம் புள்ளி

அடுக்களை அலமாரியின் மேல்தட்டில் இரண்டு பழுப்புநிறப் புட்டிகள் இருந்தன. ஒன்றில் ‘அடுப்புத் தைலம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. மற்றொன்றில் ‘அடுப்பு தைலம்’ என்று ஒட்டியிருந்தது. கையெழுத்து ஒன்றே, மையும் ஒன்றே. ராசிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினான்கு ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் சாரதாமணிக்கு அதைக் கண்டதும் உடம்பு கூசியது. அறியாமல் பிழை செய்பவனை மன்னிக்கலாம். ஒரு புட்டியில் ஒற்றைச் சரியாக இட்டவர் அடுத்த புட்டியில் அதை விழுங்கிவிடுகிறார் என்றால் அது அறியாமை அன்று, அசட்டை. வன்தொடர்க் குற்றியலுகரத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்பது அவளிடம் படிக்கும் எட்டு வயதுப் பெண்ணுக்குக்கூடத் தெரியும். இங்கே எழுதியவரோ மேட்டூர் அணை கட்டியபோது ஓவர்சியராக இருந்து, இப்போது ஓமலூரில் சர்க்கார் பென்ஷனில் வாழ்ந்துவரும் அவளுடைய சொந்த அண்ணன் தண்டாயுதபாணி.

விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த அவள், பிழையான புட்டியிலிருந்து ஸ்பிரிட்டை ஊற்றி ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். மூக்கைத் துளைக்கும் நாற்றம். காப்பிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் பேனாவை எடுத்து, இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு ‘த்’ எழுதினாள். இடம் நெருக்கந்தான், ஆனாலும் எழுத்து அழகாக விழுந்தது. புட்டியை இருந்த தட்டிலேயே வைத்துவிட்டு நிம்மதியாகக் காப்பி குடித்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலேகால் மணிக்கு, உறவினர் வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்த்துவிட்டு அவளும் அண்ணன் மனைவி கமலவேணியும் கடைவீதி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் அவள் அழைப்பாள்.

“நங்கை, அண்ணனுக்கு எழுத்தே மறந்துபோச்சாட்ட இருக்குதுங்க.”

“ஏஞ் சாமி?”

“அந்தத் தைலப் புட்டி ரெண்டு இருக்குதுல்லங்க, ஒண்ணுல ஒத்து இருக்குது, ஒண்ணுல இல்லை. காத்தாலயே திருத்திப் போட்டேன்.”

கமலவேணி நின்றுவிட்டாள். “எதைத் திருத்துன?”

“இல்லாததுலதானுங்க. இருக்கறதுல எதைப் போடறது?”

“அப்ப ரெண்டுலயும் இப்ப மூணு புள்ளியா?”

சாரதாமணிக்கு வியப்பாக இருந்தது. தன் பெயரைத் தவிர வேறெதையும் எழுத்துக்கூட்டத் தெரியாத நங்கை புள்ளிக் கணக்குப் பேசுகிறாள். எண்ணிப் பார்த்தாள். ப், த், ம். ஆம், மூன்று.

“ரெண்டும் ஒண்ணில்ல சாமி,” என்றாள் கமலவேணி. குரல் பாதியாய் இறங்கியிருந்தது. “மூணு புள்ளி வெச்சது உங்கண்ணனுது. ரெண்டு புள்ளிதான் அடுப்புக்கு.”

“அண்ணனுதுன்னா?”

“மேட்டூர்ல இருந்த வெள்ளைக்கார இஞ்சினீரு ஊருக்குப் போறப்பக் குடுத்துட்டுப் போனது. ஜின்னு, சீமைச் சாராயம். நாலஞ்சு புட்டி. அவருதான் கலக்கறதுக்கும் பழக்கி உட்டது. ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழமை நாலு மணிக்கு உங்கண்ணன் உக்காந்து கலக்குவாரு.”

சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அகப்பட்டால் சிறை, பென்ஷனும் நின்றுபோகும். தண்டாயுதபாணி அதற்கு ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தார். ஒரே மாதிரிப் புட்டி இரண்டு, ஒரே பெயர், ஒரே அலமாரி. யாரேனும் சோதனைக்கு வந்தால் ஸ்பிரிட்டுப் புட்டியைத் திறந்து மூக்குக்கு நேராக நீட்டுவார். அந்த நாற்றத்தைக் கண்ட பிறகு இரண்டாவது புட்டியை எவன் திறப்பான்? தங்களுக்கு மட்டும் அடையாளம் தெரியும்படி, குடிப்பதற்குச் சரியான எழுத்து, எரிப்பதற்குப் பிழையான எழுத்து என்று வைத்துக்கொண்டார். தாய்மொழியின் ஒற்றெழுத்தைக் களவுக்குச் சாவியாக்கிய அந்தப் புத்தியை நொந்துகொள்ளச் சாரதாமணிக்கு அப்போது நேரமில்லை.

“வாசத்துல தெரியாதுங்களா?”

“முப்பது வருசமாப் பொடி போடற மூக்கு சாமி அது. மல்லியப்பூவும் மாட்டுச்சாணியும் அதுக்கு ஒண்ணுதான்.”

வேறொரு நாளாயிருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள். கள்ளுக்கடை மூடிய பிறகு ஸ்டவ் ஸ்பிரிட்டைக் குடித்த இருவரைப் பற்றிச் சாரதாமணி பத்திரிகையில் படித்திருந்தாள். முதல்நாள் ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத் தூங்கினார்களாம். மறுநாள் ஒருவனுக்குக் கண் அவிந்தது. மற்றவன் எழுந்திருக்கவே இல்லை.

ஓடவேண்டும் என்று கால்கள் துடித்தன. ஆனால் பஸ் நிற்குமிடத்தில் சிவப்புத் தொப்பி அணிந்த ஒரு கான்ஸ்டபிள் வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றான். நடுவயதுப் பெண்கள் இருவர் கடைவீதியில் ஓடினால் ஊரே என்னவென்று கேட்கும், பின்னாலேயே வரும். கான்ஸ்டபிளைக் கடக்கும்வரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கமலவேணி குழந்தையின் நிறத்தைப் பற்றி ஏதோ உரக்கப் பேசினாள். அவள் கை சாரதாமணியின் முழங்கையை இறுகப் பற்றியிருந்தது.

வீட்டின் பின்கட்டு அறை சாத்தியிருந்தது. கமலவேணி தட்டாமலே தள்ளினாள்.

மேசைமேல் ஈரத்துண்டு சுற்றிய பித்தளைக் கூஜா, பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல்கள், கிண்ணத்தில் சர்க்கரைப் பாகு, காகிதம் சுற்றிய விரலளவு பிட்டர்ஸ் என்னும் கசப்புச் சாற்றுக் குப்பி, அருகே பழுப்புநிறப் புட்டி. தண்டாயுதபாணியின் கையில் கண்ணாடிக் கிளாஸ். அதில் பாதிதான் இருந்தது.

மனைவியைவிடத் தங்கையைக் கண்டதுதான் அவரைக் குலுக்கியது. “சர்பத்து சாமி,” என்றார். “கொட்டை நசுங்கிப்போச்சாட்ட இருக்குது. கசக்குது.”

சாரதாமணி கிளாஸை வாங்கி முகர்ந்தாள். மேலே எலுமிச்சை மணம். அதற்கடியில், காலையில் ஸ்டவ்வில் எழுந்த அதே நாற்றம்.

“அண்ணா, இது அடுப்பு ஸ்பிரிட்டுங்க.”

“மூணு புள்ளி பாத்துத்தான் எடுத்தேன்.”

“மூணாவது புள்ளி நான் வெச்சதுங்க.”

அவர் புட்டியைத் திருப்பிச் சீட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். புதிய எழுத்தின் மை சற்றுக் கறுப்பாக இருந்தது.

“ஊட்டுக்குள்ள வந்தும் நோட்டுத் திருத்தாம உனக்கு இருக்க முடியலையா?” என்றார். கோபம் குரலில் ஏறவில்லை. நெற்றியில் வேர்வைதான் ஏறியது.

கமலவேணி உப்புத் தண்ணீரைக் கலந்து புகட்டினாள். கொல்லையில் போய் இரண்டு முறை வாந்தி எடுத்தார். திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“டாக்டரைக் கூட்டியாறேனுங்க,” என்றாள் சாரதாமணி.

“வேண்டாம். டாக்டரு வந்தா எழுதி அனுப்பியே ஆகோணும். போலீசு வரும். ஜெயிலு. பென்சன் போயிரும். அப்புறம் உங்க நங்கை எதைத் திம்பா?”

“கண்ணு போச்சுன்னா?”

“போகலைன்னா?”

கமலவேணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “வாந்திதான் எடுத்துட்டாரே சாமி. செத்த நேரம் பாக்கலாமே,” என்றாள்.

நன்றாகத் தூங்கினார்களாம் என்ற பத்திரிகை வரி சாரதாமணியின் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

எல்.எம்.பி. படித்த டாக்டர் மணியன் இரண்டு தெரு தள்ளியிருந்தார். மற்றவர் காதில் விழக்கூடாதென்று நோயாளிகள் போகும்வரை அவள் வாசலில் நின்றாள். உள்ளே போனதும் கதவைச் சாத்தினாள்.

“டாக்டர், ஒரு ஊட்டுல... ஸ்பிரிட்டு குடிக்கப்பட்டுவிட்டதுங்க.”

“யாரால?”

“அடுப்புக்குன்னு கொண்டுவரப்பட்டதுங்க.”

“பேச்சைப் பாத்தா நீங்க தமிழ் டீச்சர்தானேம்மா?” என்றார் டாக்டர். “குடிக்கப்பட்டது, கொண்டுவரப்பட்டதுன்னு சொன்னா நான் யார் வயித்தைக் கழுவறது? ஒண்ணு முன்னாலயே சொல்லிடறேன். பேரைச் சொன்னா மேலிடத்துக்கு எழுதுவேன். மறைக்கச் சொல்லிக் கேக்காதீங்க.”

செய்தவரை மறைக்கும் செயப்பாட்டு வாக்கியத்தை மாணவிகள் எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பவள் அவள். இப்போது பெயரைச் சொன்னால் சிறை, சொல்லாவிட்டால் இருட்டு. இரண்டையும் அண்ணனுக்குக் கொடுக்கப்போகிறவள் அவளே.

“எங்க அண்ணன் குடிச்சாருங்க,” என்றாள். “ஓவர்சியர் தண்டாயுதபாணி. குடிக்க வெச்சது நானு.”

டாக்டர் பெட்டியை எடுத்தார்.

தண்டாயுதபாணி டாக்டரைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். “எவ்வளவு ஊத்தினீங்க? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க,” என்றார் டாக்டர். வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் மூடிய கண்ணோடு ஒப்பித்தார்: “ஜின்னு ரெண்டு அவுன்சு. எலுமிச்சஞ்சாறு ஒண்ணு. பாகு முக்கால். பிட்டர்ஸ் ரெண்டு சொட்டு. அப்புறம் கூஜாவை மூடி நூறு எண்ற வரைக்கும் குலுக்கோணும்.” எத்தனையோ ஞாயிறுகளில் பெருமையாக எண்ணியிருக்கக்கூடிய அளவுகள் அன்று வாக்குமூலமாகிவிட்டன. இரண்டு அவுன்ஸில் பாதி ஒன்று. வாந்தியில் போனது எவ்வளவு, தங்கியது எவ்வளவு என்று சாரதாமணி மனத்துக்குள் கழித்துக் கழித்துப் பார்த்தாள். கணக்கு நிற்கவில்லை.

குழாய் விட்டு வயிற்றைக் கழுவி, சோடா உப்பைக் கரைத்துக் கொடுத்தார் டாக்டர். “நாளை மத்தியானம் வரைக்கும் கண்ணு மங்கலேன்னா பயமில்லை,” என்று சொல்லிவிட்டு, காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் விடிந்ததிலிருந்து தண்டாயுதபாணி தங்கையோடு பேசவில்லை. ஜன்னலோரம் கட்டிலில் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருந்தார். அவளோ மணிக்கொரு முறை வந்து, “மணி என்னங்க அண்ணா?” என்று கேட்டாள். எதிர்ச்சுவரில் கடிகாரம் தொங்கியது. அவர் அதைப் பார்த்து மனைவியிடம் சொல்வதுபோலச் சொன்னார். எட்டு. ஒன்பது. பத்து அடித்து ஐந்து நிமிஷம்.

பதினொரு மணிக்குக் கேட்டபோது பதில் வரவில்லை.

அவள் மறுபடியும் கேட்டாள். அவர் கடிகாரப் பக்கம் திரும்பவே இல்லை. கமலவேணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அண்ணா?”

“எத்தனை வாட்டிதான் கேப்ப? முள்ளு அதுபாட்டுக்கு ஓடிட்டிருக்குது.”

“பாத்துச் சொல்லுங்களேன்.”

“மாட்டேன், போ.”

அது வீம்பா, இருட்டா என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் அவர் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கட்டில் காலைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றாள். வெயில் ஜன்னல் கம்பிகளைத் தாண்டித் தரையில் இறங்கியது.

வெகுநேரம் கழித்து அவர் தெருப்பக்கம் தலையைத் திருப்பினார். கண்களை இடுக்கினார்.

“ரெண்டு பேரு வாராங்க,” என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் வெயிலும் புழுதியுமாய் இரண்டு உருவங்கள் அசைந்தன. அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் புலப்படவில்லை.

“ஒருத்தன் தலையில செகப்புத் தொப்பி. இன்னொருத்தன் கக்கத்துல கட்டு நோட்டு,” என்றார் அவர், பாடம் படிப்பதுபோல. “இடுப்பு வார்ல பித்தளை வில்லை. பளபளன்னு தேச்சு வெச்சிருக்கறான்.”

கமலவேணி வாயைப் பொத்திக்கொண்டாள். சாரதாமணி தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். எதற்காக அழுகிறாள் என்று அவளைக் கேட்டால் அவளாலும் சொல்லியிருக்க முடியாது.

தெருவில் செருப்புச் சத்தம் நெருங்கியது.

“அழுவாத சாமி,” என்றார் அண்ணன். நேற்று மாலைக்குப் பிறகு அவளிடம் அவர் முகம் பார்த்துச் சொன்ன முதல் சொல் அதுதான். “போயிக் கதவத் தொற.”