நெருப்புக்கு எப்படித் தெரியும்

"அம்மா, நாம இங்க சுவிட்சை அணைச்சா, அங்க எரியற நெருப்புக்கு எப்படித் தெரியும்?"

மகள் ஏழு வயதில் கேட்டது. பாடப் புத்தகத்தில் நிலக்கரி எரியும் படம் இருந்தது. புகைபோக்கி, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முடிவில் ஒரு வீடு. அம்மா நூலகத்தில் வேலை பார்ப்பவள். எந்தக் கேள்விக்கு எந்த அலமாரி என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு புத்தகமும் அகப்படவில்லை. "தெரியும்டா, கடவுள் சொல்லிடுவார்" என்று சொல்லிவைத்தாள். குழந்தை நம்பித் தூங்கிவிட்டது. அவளுக்குத்தான் அன்றிலிருந்து கை நமநமவென்றது.

முதலில் சொந்த வீட்டில்தான் ஆரம்பித்தாள். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரியக்கூடாது. தொலைக்காட்சியின் சிவப்புப் புள்ளிகூடக் கண் மூடித்தான் இருக்க வேண்டும். நூலகத்துக்கு நடைதான். துணிகள் மாடிக் கொடியில் காய்ந்தன, காய்கறித் தோல் தொட்டியில் மண்ணாயிற்று. பிறகு மெல்ல மெல்லக் குடியிருப்பு முழுவதும் அவள் வீடாகிவிட்டது. நாலு மாடிகளையும் நடந்தே இறங்குவாள், இறங்கும்போது ஒவ்வொரு தளத்திலும் விளக்கை அணைத்துக்கொண்டே வருவாள். ஒவ்வொரு சுவிட்சும் அவளுக்கு ஒரு சின்னப் பிரார்த்தனை. பிள்ளைகள் 'ஆஃப் ஆன்ட்டி' என்று பெயர் வைத்தார்கள். "அந்தம்மா கண்ணுல படாம இரு, உன்னையும் அணைச்சிடுவாங்க" என்று மூன்றாம் மாடி டெய்லர் பாதி விளையாட்டாகச் சொல்வார். அவள் சிரித்துக்கொள்வாள். பேசிப் பேசியே மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை லிஃப்டை நிறுத்த வைத்தாள். மொட்டை மாடியில் சூரியத் தகடு பதிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கி, ஒருவழியாக எல்லோரையும் தலையாட்ட வைத்திருந்தாள். வருகிற ஞாயிறு குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் கை தூக்கினால் முடிந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் தூணோரம் ஒரு சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்தது. பொதுவான பிளக் பாயிண்ட். பெருக்குகிறவர்கள் தண்ணீர் மோட்டாருக்குப் போடுவது. அணைக்காமல் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். நடந்தபடியே தட்டிவிட்டுப் போனாள். அதிலிருந்து கிளம்பிய ஒயர் தூணைச் சுற்றி ஒரு தார்ப்பாய்க்குள் போனதை அவள் பார்க்கவில்லை. தார்ப்பாய்க்குள் இரண்டாம் மாடி வாட்ச் ரிப்பேர்காரரின் மூன்று சக்கர பேட்டரி வண்டி இருந்தது. இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பியவர் அவர். அவருடைய சொந்த பாயிண்ட் முந்தின நாள் கருகிப்போனதால், சார்ஜரை இங்கே மாட்டியிருந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். வாட்ச் ரிப்பேர்காரரின் வண்டி சார்ஜ் இல்லாமல் பாலத்து ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டதாம். முன்னும் பின்னும் லாரிகள், ஓயாத ஹாரன். யாரோ நாலு பேர் அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, மூட்டையை இறக்குவதுபோல நடைபாதையில் இறக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். பிச்சைக்காரர் என்று நினைத்து ஒருத்தர் காசு போட்டுவிட்டுப் போனாராம்.

"காவல்ன்னு எதுக்குய்யா இருக்கே? சுவிட்சை அணைச்சது யாரு?" சங்கச் செயலாளர் காவலாளியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் தொடவே இல்லைங்க சார்."

"பின்ன அதுவா அணைஞ்சுதா? பேய் வந்து அணைச்சுதா? மாசக் கடைசியோட வேற இடம் பாத்துக்க."

தூணோரத்துச் சிவப்பு விளக்கு அவளுக்கு நினைவு வந்தது. வாயைத் திறந்தாள். சொல்லாமலே மூடிக்கொண்டாள். காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் படியேறினாள். அன்று ஒரு தளத்திலும் விளக்கை அணைக்கவில்லை.

கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்க. இப்ப சொன்னே, சூரியத் தகடு கோவிந்தாதான்."

"அந்த மனுஷனுக்கு வேலை போகுதுங்க."

"கூட்டம் முடிஞ்சதும் நானே செயலாளர்கிட்ட பேசறேன். அவர் ஒண்ணும் கல்லு இல்ல. ஊருக்கே ஆகற நல்ல காரியம், ஒரு சுவிட்சால கெடணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மூன்று நாள் அந்த நியாயத்தைச் சுமந்துகொண்டு நடந்தாள். கைகூப்பி நின்றால் பிரார்த்தனை பாதியில் அறுந்து, தொப்பியைக் கையில் வைத்திருந்தவர் வந்து நின்றார். நல்லது செய்கிறோம் என்கிற நினைப்பே ஒரு தார்ப்பாய்தானோ, அதற்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் தூக்கிப் பார்க்காமலே விட்டோமோ என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை கை தூக்கச் சொல்வதற்கு முன்பே எழுந்துவிட்டாள்.

"அன்னிக்கு சுவிட்சை அணைச்சது நான்தான். காவல்காரர் மேல தப்பு இல்ல. நாலு நாளா சொல்லாம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு."

டெய்லர்தான் முதலில் ஆரம்பித்தார். "ஏம்மா, இருக்கிற சுவிட்சையே ஒழுங்காப் பாக்கத் தெரியல. இதுல சூரியனைப் பிடிச்சு மாடியில கட்டப் போறீங்களா?"

சிரிப்பு பரவியது. சிரித்த பிறகு கை தூக்குவது கஷ்டம். மூன்று கைகள்தான் எழுந்தன. அதில் ஒன்று அவள் கணவருடையது. செயலாளர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். காவலாளியிடம், "சரி சரி, நீ இருய்யா" என்றார், ஏதோ காவலாளிதான் மன்னிப்புக் கேட்டதுபோல.

எல்லோரும் போனபிறகு வாட்ச் ரிப்பேர்காரர் வண்டியின் மேல் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். வலது முழங்கையில் சிராய்ப்பு காய்ந்து கறுத்திருந்தது. அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க."

அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. "மன்னிப்பு கேட்டா நான் என்னம்மா சொல்லணும்? பரவாயில்லன்னு சொல்லணும். சின்ன வயசுலேருந்து எல்லாருக்கும் அதையே சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சும்மா."

அவர் தார்ப்பாயின் அடுத்த மடிப்பை அழுத்திவிட்டார்.

"சுவிட்சு தெரியாம பண்ணது. அதை விடுங்க. லிஃப்டு தெரிஞ்சு பண்ணதுதானே? ரெண்டு மணிக்கு மேல நான் வந்தா எப்படி மேல போவேன்னு ஒருத்தரும் கேக்கல. அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. எத்தனை விடுமுறை மதியங்கள்! வாசல் மரத்தடியில், கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மடியில் ஏதாவது ஒரு கடிகாரத்தைத் திறந்து வைத்திருப்பார். 'நல்லாக் காத்து வாங்கறீங்க, அண்ணா' என்று ஒருநாள் சொல்லிவிட்டுக்கூடப் போயிருக்கிறாள். அவர் சிரித்திருந்தார்.

"நீங்க சொல்லியிருக்கலாமே, அண்ணா."

"சொல்லியிருக்கலாம். ஆளுக்கு ஆள் நல்லது பண்றீங்க. நடுவுல நான் ஒருத்தன் குறுக்க நிக்கணுமான்னு இருந்துச்சு." தார்ப்பாயைப் பின்னால் செருகினார். "புகை குறையறது எனக்கும் நல்லதுதாம்மா. நான் போற உயரத்துலதானே எல்லா வண்டியோட சைலன்சரும் இருக்கு."

அதில் சிரிப்பும் இருந்தது, சிரிக்க முடியாததும் இருந்தது. வண்டியைக் கிளப்பினார். தெருவுக்கு ஏறும் சரிவில், குழாய் கசிந்து கசிந்து சிமென்ட் முழுக்கப் பாசி பிடித்திருந்தது. பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கியது. அவர் திரும்பிப் பார்க்காமலே இடது கையைச் சுவரில் ஊன்றி, ஒரு தள்ளு தள்ளி, மேலே போய்விட்டார். கை ஊன்றிய இடத்தில் சுவர் கறுத்துப் பளபளத்தது. ஒருநாள் அழுக்கு அல்ல அது.

அன்று மாலையே செயலாளரிடம் போய், லிஃப்ட் நாள் முழுக்க ஓடட்டும் என்று எழுதிக் கொடுத்தாள். "தெளிஞ்சுதா?" என்றார் அவர். இன்னும் தெளியவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

திங்கட்கிழமை விடிகிற நேரம். காவலாளி பால் வாங்கப் போயிருந்தார். அவள் வாளியும் கம்பி பிரஷும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். குழாயின் கசிவை முதலில் துணியால் இறுக்கிக் கட்டினாள். பிறகு முட்டி போட்டு, மேலிருந்து கீழே சாணளவு சாணளவாகச் சரிவைத் தேய்த்தாள். பாசி தோல்போல உரிந்து வந்தது. அடியில் சிமென்ட் சொரசொரப்பாக, வெளுத்துத் தெரிந்தது. இடுப்பு கடுத்தது. விரல் கணுக்களில் இரண்டு இடம் கீறிவிட்டது. வாளித் தண்ணீரை ஊற்றிப் பெருக்கித் தள்ளினாள்.

கடைசியாக ஈரத்துணியைப் பிழிந்து சுவர்ப் பக்கம் போனாள். அந்தக் கறுத்த இடம், கிட்டத்தில் பார்க்கும்போது, ஒரு கை அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ கைகள், ஐந்து விரல்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. துணியை உயர்த்தினாள். பிறகு துடைக்காமல் துணியை வாளிக்குள் போட்டுக்கொண்டு படியேறினாள்.

கீழே சரிவு மேலிருந்து காயத் தொடங்கியிருந்தது.