பத்து மணி அடக்கம்

அதிகாலை சுபுஹு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது. நேற்று அந்தியில் மௌத்தான பீரானின் அடக்கம் காலை பத்து மணிக்கு. மகன் ஷிஹாப் அதற்குள் லண்டனிலிருந்து வந்துவிடுவான் என்று கணக்கு.

மகள் ஜஸீலா முற்றத்துக்கு ஓடினாள். பீரானின் அண்ணன் மொய்து ஹாஜி, வந்தவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூத்தாப்பா, பத்து மணின்னு யாரு சொன்னது?"

"நான்தான். மூணரைக்கு விமானம் கெளம்பிருச்சுன்னு அவன் எனக்குத்தான் செய்தி போட்டான். நாலு மணி நேரம். அப்புறம் ரோட்டுல ஒண்ணரை. ஒம்பதுக்கு வந்துருவான்."

"நாலு மணி நேரம் ஷார்ஜாவுக்கு."

"இருபத்தாறு வருஷம் அங்க போய் வந்தவன்கிட்ட கணக்குச் சொல்றியா? வெளிநாடுன்னா நாலு மணி நேரம்தான்."

அவள் கைபேசியை நீட்டினாள். வரைபடத்தில் சின்ன விமானம் கருங்கடலின் மேல் இருந்தது.

"எட்டாயிரம் கிலோமீட்டர். பத்தரை மணி நேரம். இறங்குறது இங்க பக்கத்துல இல்லை, கொச்சியில. வீடு வந்து சேர சாயங்காலம் ஆறாகும்."

ஹாஜி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். விமானம் நகர்ந்ததாகத் தெரியவில்லை.

"அறிவிச்சாச்சே. மூணு மஹல்லாவிலிருந்து ஆள் வருது. குழியும் வெட்டியாச்சு."

"உப்பா முகத்தை அவன் பார்க்க வேணாமா?"

"சத்தம் போடாதே, ஆளுங்க இருக்காங்க."

"பன்னெண்டு மாசம் ஆச்சு மூத்தாப்பா, அவன் வந்து."

நாற்காலிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜியின் காது சிவந்தது. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.

"தப்பு என்னோடதுதான். போய் ஆறு மணின்னு சொல்லிர்றேன். முதல்ல உங்க உம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளு."

உள்ளறையில் உம்மா ருகியா மய்யித்தின் தலைமாட்டில் இருந்தாள். ஜஸீலா எல்லாவற்றையும் சொன்னாள்.

"இப்ப எங்க இருக்கான்?"

"கடலுக்கு மேல."

"நம்ம கடலா?"

"இல்லை உம்மா. ரொம்பத் தூரம்."

உம்மா கணவரின் முகத்தைப் பார்த்தாள். ராத்திரியைவிட முகம் கறுத்திருந்தது. உதட்டோரம் ஈரம் கசிந்தது. முந்தானையால் ஒற்றினாள்.

"பத்து மணிக்கே எடுக்கட்டும்."

"உம்மா!"

"இவரு பல் தேய்க்காம யார் முன்னாலயும் வந்து நின்னதில்லடி. சாயங்காலம் வரைக்கும் இப்படிக் கிடத்திப் போட்டு, அந்த முகத்தையா பிள்ளைக்குக் காட்டணும்?"

"அவன் என்னைத்தானே கேட்பான்?"

"நான் சொன்னேன்னு சொல்லு."

ஹாஜி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முற்றத்துக்குத் திரும்பிப் போனார்.

பத்தேகாலுக்கு சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். திக்ரு ஓதும் ஓசை தெரு திரும்பியது. ஜஸீலா கைபேசியைப் பார்த்தாள். விமானம் ஈரானைத் தாண்டிக்கொண்டிருந்தது.

'முடிஞ்சது' என்று எழுதினாள். அழித்தாள். வேறு எழுதி அனுப்பினாள்.

'மெதுவா வா. அவசரமில்லை.'