நாலடிக்கு ஏழடி ரோஜாத் தோட்டம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு, நகராட்சியின் மஞ்சள் நிற புல்டோசர் நாலடிக்கு ஏழடி அளவுள்ள வீட்டுத் தோட்டம் ஒன்றுக்குள் நுழைந்தது. மாலை ஐந்து மணிவரை நிற்காமல் ஓடியும் நாலடி தள்ளியிருந்த வீட்டுச் சுவரை அதனால் தொட முடியவில்லை. டீசல் தீர்ந்த இடத்தில் நின்றுவிட்டது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. நகராட்சிப் பதிவேட்டில் அந்த வண்டிக்கு நேராக ‘பணியில் உள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுத அந்தப் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

தோட்டம் விசிலக்காவுடையது. டவுன் பஸ்ஸில் இருபத்தாறு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாததால் இந்தப் பெயர். அந்த இருபத்தாறு வருடமும் அவள் தினம் முந்நூறு தடவையாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறாள். கம்பியில் ஆட்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு, மூச்சுவிட இடமில்லாமல் நிற்கும்போது, “உள்ள தள்ளி நில்லுங்க, எடம் இருக்கு” என்பாள். உள்ளே இடம் இருந்ததே இல்லை. அது அவளுக்கும் தெரியும், பயணிகளுக்கும் தெரியும். வயிற்றுப் பிழைப்புக்குச் சொன்னது, பாவத்தில் சேராது என்று விட்டிருந்தாள்.

அவளோடு இருந்தது தங்கை ஒருத்திதான். கைக்கடிகாரம் பழுது பார்க்கிற வேலை செய்தவள். ஐம்பது வயதில் அவளுடைய கண்ணிலிருந்து நிறங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. முதல் வருடம் நீலம், அடுத்து பச்சை, பிறகு ஒரு மழைக்காலத்தில் சிவப்பு. கடைசியில் மஞ்சள் மட்டும் மிஞ்சியது. மஞ்சளாக இல்லாத எதுவும் அவளுக்குச் சாம்பல் மூட்டமாகத்தான் தெரிந்தது. கண் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அதுவும் ரெண்டு வருஷம் இருந்தா அதிகம்மா, இருக்கிறவரைக்கும் பாத்துக்கோங்க” என்றார். தங்கை வீட்டுக்கு வந்து ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே உடைந்த வாளியும் கிழிந்த செருப்பும் கிடக்கிற துண்டு மண்தான் இருந்தது. விசிலக்காவுக்கு அன்றைக்கு வந்த கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. வாளியை எடுத்துத் தெருவில் எறிந்துவிட்டு நர்சரிக்குப் போனாள்.

நர்சரிக்காரர் முதலில் கொடி ரோஜாவைக் காட்டினார், பிறகு ஆள் உயரச் செடியை. “ஜன்னல் விளிம்பு தரையிலருந்து ரெண்டடிங்க. அதுக்கு மேல ஒண்ணும் தலை தூக்கக் கூடாது. பூ மட்டும் மஞ்சளா இருக்கணும். வருஷம் பூரா பூக்கணும்” என்றாள் விசிலக்கா. அவர் யோசித்துவிட்டு, பின்கட்டிலிருந்து முழங்கால் உயரத்துக்குமேல் வளராத ஒரு குட்டை ரகத்தைக் கொண்டுவந்தார். ஒரு காம்பில் ஏழெட்டுப் பூ பூக்கும், பாத்தி முழுவதும் படுக்கை விரித்ததுபோல் இருக்கும், ஆனால் ஒரு செடிக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை அடி விடவேண்டும், நெருக்கி வைத்தால் இலையில் கரும்புள்ளி விழும் என்றார். கூட்ட நெரிசல் பற்றி விசிலக்காவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். எட்டுச் செடிக்குத்தான் இடம். எட்டை நட்டாள். காலையில் வேரில் மட்டும் தண்ணீர் விட்டாள், வாடின பூவை அன்றன்றைக்கே கிள்ளினாள், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டினாள். மூன்றாம் மாதம் தங்கை ஜன்னலில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “அக்கா, கண்ணு நிறைஞ்சு போச்சு” என்றாள். விசிலக்கா உள்ளே போய் அழுதுவிட்டு வந்தாள்.

வெட்டின குச்சிகளில் ஒன்று ஒன்பதாவது செடியாக வேர் பிடித்தது. எறிய மனம் வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பாத்தி ஓரத்தில் நின்றவள், வாய்ப்பழக்கத்தில், “கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, எடம் இருக்கு” என்றாள். மறுநாள் காலையில் செடிகள் தள்ளி நின்றிருந்தன. நடுவில் ஒரு செடிக்கான இடம், சுற்றிலும் ஒன்றரை அடி, துல்லியமாக இருந்தது. வெளியே வந்து சாணால் அளந்தாள். தோட்டம் அதே நாலடி, அதே ஏழடி. சரி, செடிகளாவது நம் பேச்சைக் கேட்கின்றனவே என்று ஒன்பதாவதை நட்டாள். அந்த வருடக் கடைசியில் அறுபத்து மூன்று செடிகள் இருந்தன. அவள் பதியம் போட்டு வளர்த்துக் கொடுத்த குச்சிகளால் வரிசையிலிருந்த மற்ற ஏழு வீட்டு வாசலிலும் மஞ்சள் பூத்தது.

அப்போதுதான் நகராட்சி நோட்டீஸ் வந்தது. தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள், எட்டு வீட்டு முன்மண்ணும் போகிறது, ஜன்னலை ஒட்டித் தார் வரும். ஏழு வீட்டுக்காரர்களும் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். எதிர்த்து நின்று ஆகப்போவது என்ன என்று சொல்லி, தங்கள் செடிகளை வேரோடு பெயர்த்து வாளிகளில் எடுத்துக்கொண்டு விசிலக்கா வாசலில் வந்து நின்றார்கள். “உங்களுக்கு முதுகெலும்பு இல்லைனா செடி என்னா பண்ணும்? குடுங்க இப்படி” என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கி உள்ளே வைத்தாள். அவள் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

இன்ஜினியர் நேரில் வந்தார். கூடவே டேப்போடு அளவைக்காரரும் வந்தார். இருவரும் தெருவில் நின்றபடி அளந்தார்கள். அடுத்தவர் இடத்தை அளக்கிறவர்கள் எப்போதும் அப்படித்தான் அளப்பார்கள்.

“நாலுக்கு ஏழு. இந்தத் துண்டு மண்ணுக்கா இவ்ளோ வம்பு பண்றீங்கம்மா?”

“உள்ள வந்து அளங்க சார்.”

“உள்ள அளந்தா மட்டும் கூடிருமா? பூச்செடி வேற எங்கயும் வெச்சுக்கலாம்.”

“என் தங்கச்சிக்கு மிச்சமிருக்கிறது இந்த ஒரு கலர்தான் சார். அத உங்க ரோட்டுக்குத் தர முடியாது.”

இன்ஜினியர் கெட்டவர் அல்ல. ஒரு நிமிடம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கோப்பைப் பார்த்தார். கோப்பில் தங்கைக்கு இடமில்லை. செவ்வாய்க்கிழமை வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தது. தெருமுனையில் அது திரும்பியபோது தங்கை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “அக்கா, இங்க பாரேன், எவ்ளோ பெரிய பூ. நடந்து வருதுக்கா” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. விசிலக்கா அதுவரை வாசலில் குறுக்கே படுத்துவிடுவதாகத்தான் இருந்தாள். வெட்டுக் கத்தரிகூடக் கையில் இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். புல்டோசர் குட்டைச் சுவரை இடித்துக்கொண்டு மூக்கை நீட்டியபோது, கடைசி ஸ்டாப்வரை கேட்கிற அந்தப் பழைய குரலில், “உள்ள போங்க, போயிட்டே இருங்க, எடம் இருக்கு” என்று சொல்லி இரண்டு விசில் அடித்தாள்.

செடிகள் இரண்டு பக்கமும் நகர்ந்து வழிவிட்டன. வண்டி போயிற்று. முதலில் அது பெட்டி அளவுக்குத் தெரிந்தது, பத்து மணிக்குத் தீப்பெட்டி அளவு, பிறகு சத்தம் மட்டும். இன்ஜினியர் நடைபாதையில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசிலக்கா அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். ஐந்து மணிக்குச் சத்தமும் நின்றது. டிரைவர் வழி தெரியாமல் தவிப்பானே என்று ஒரு மணிக்கொரு தரம் ஒற்றை விசில் அடித்தாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து, மறுநாள் காலை பத்து மணிக்கு டிரைவர் வெளியே வந்தார். தோளெல்லாம் மகரந்தம். “ஒரு செடி மேலகூட படல சார். அதுங்களே வழி விட்டுச்சு. சுவரு எங்கனு கேட்டா எனக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

தார்ச்சாலை அந்த வீட்டு முன் மட்டும் வளைந்து போகிறது. லாரிக்காரர்கள் அங்கே திட்டிக்கொண்டே பிரேக் போடுவார்கள். மூன்று வருடம் கழித்து நகராட்சியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. தோட்டம் நாலடி என்றால் சாலைக்கு விட வேண்டும், அதற்கு மேல் என்றால் உபரி நிலம், அதையும் விட வேண்டும், எது என்று பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும். விசிலக்கா அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினாள்: ‘காலையில் சீக்கிரம் கிளம்பி வந்து உள்ளே அளக்கவும். சாப்பாடு கட்டிக்கொண்டு வரவும்.’ அளவைக்காரர் வாசல்வரை வந்தார். பூக்கள் முடிகிற இடத்தைக் கண்ணால் தேடினார். டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு தெருவில் வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார்.

டாக்டர் சொன்ன கணக்குப்படி தங்கையின் கண்ணிலிருந்து மஞ்சளும் எப்போதோ போயிருக்க வேண்டும். போகவில்லை. தூரத்தில் நிற்கிற புல்டோசரை அவள் தினமும் காலையில் ஒரு தடவை தேடிப் பார்த்துக்கொள்வாள், அதுதான் கண்ணுக்குப் பரீட்சை. தோட்டத்தில் இப்போது நாலாயிரத்துக்குமேல் செடிகள் இருக்கின்றன, எதுவும் ஜன்னல் விளிம்பைத் தாண்டவில்லை.

“அக்கா, அந்தப் பெரிய பூ நேத்தவிட தள்ளிப் போயிருக்கு. ஆனா தெரியுது.”

விசிலக்கா வாடின பூ ஒன்றைக் கிள்ளிக் கூடையில் போட்டாள். “போகட்டும்டீ. உள்ளதான் எடம் இருக்கே.”